விருந்தாளிக்காக மாட்டிய வேஷம்

நேற்று ராத்திரி ஸ்பானிய இயக்குநர் பெர்லாங்காவின் 'வருக, மிஸ்டர் மார்ஷல்' படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 1953-இல் வந்தது. போருக்குப் பின் ஐரோப்பாவுக்கு அமெரிக்கா கொடுத்த மார்ஷல் திட்ட உதவியோடு அமெரிக்கர்கள் வருகிறார்கள் என்று ஸ்பெயினின் நடுவே காஸ்தீல் பகுதியில் ஒரு ஏழைக் கிராமத்துக்குத் தகவல் வருகிறது. அமெரிக்கர்களுக்கு ஸ்பெயின் என்றால் தெற்கே பாட்டும் காளைச் சண்டையுமாக இருக்கும் அந்தலூசியாதானே? உடனே வீடுகளுக்கு முன்னால் பொய் முகப்பு எழும்புகிறது. பாடகி வருகிறாள். அகலத் தொப்பியும் கொசுவப் பாவாடையும் கடனுக்கு வந்து இறங்குகின்றன. காளைச் சண்டையே பார்த்திராதவர்கள்போல முழிக்கும் விவசாயிகள் அதைப் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்க்கிறார்கள்.

இதை அமெரிக்கர்களைக் குத்தும் படம் என்று சொல்பவர்கள் உண்டு. கான் திரைப்பட விழாவில் நடுவராக இருந்த நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சனுக்கும் அந்தக் கோபம் வந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குத்து விழுவது ஸ்பெயினின் மேல்தான். அந்தலூசியப் பாட்டு வேண்டும் என்று கேட்டதே தயாரிப்புத் தரப்பு. பெர்லாங்கா அந்த நிபந்தனையையே கதையாக்கிவிட்டார்.

இதோடு 'ராஸா'வையும் பார்க்க வேண்டும். 'இனம்' என்று அர்த்தம். 1942-இல் வந்த அந்தப் படத்தின் கதையைப் புனைபெயரில் எழுதியவர் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவேதான். கடற்படைக் குடும்பம், வீரம், தியாகம், மாறாத ஸ்பானிய ரத்தம். ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி, இத்தாலி முதலான அச்சு நாடுகள் தோற்று, அமெரிக்காவின் தயவு தேவைப்பட்டதும் என்ன நடந்தது? 1950-இல் அதே படம் வேறு பெயரில் வந்தது. பாசிச சல்யூட்டுகள் வெட்டப்பட்டிருந்தன. அமெரிக்காவைச் சாடிய வசனங்களும் போய்விட்டன. மாறாத ரத்தம் எட்டே வருஷத்தில் கத்தரிக்கு வந்துவிட்டது! கிராமத்தார் பாவாடை கட்டியதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கிராமத்தாராவது பசிக்காகச் செய்தார்கள்.

அவர்களுடைய கனவுகளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பழைய பிரபு குலத்து மனிதர் கனவில் அமெரிக்கக் கண்டத்தில் வெற்றிவீரராக இறங்குகிறார். பழங்குடிகள் பிடித்து அண்டாவில் போடுகிறார்கள். பேரரசுப் பெருமை அத்தோடு சரி. உழவரின் கனவிலோ விமானத்திலிருந்து பாராசூட்டில் ஒரு டிராக்டர் இறங்குகிறது. அவர் ஓடிப்போய் அதில் ஏறி உழுகிறார். எந்தக் கொடியும் இல்லாத கனவு அது. படத்தில் ஸ்பெயினை நான் பார்த்தது அங்கேதான்.

கடைசியில் கார்கள் நிற்காமல் புழுதி கிளப்பிப் பறந்துவிடுகின்றன. வேஷத்துக்கு ஆன கடனை அடைக்க ஊரார் ஆளுக்கொரு பொருளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மழை பெய்கிறது. வரவேற்க வாங்கிய காகிதக் கொடி சாக்கடைத் தண்ணீரில் மிதந்து போகிறது.

படம் வந்த அதே வருஷம் செப்டம்பரில் அமெரிக்கா நிஜமாகவே வந்தது, ராணுவத் தளங்கள் கேட்டு. ஃபிராங்கோவின் அரசு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.