டோரண்ட் போட்டா நெட் கட்டாகுறது ஏன்?

"டோரண்ட் ஓடுறத கண்டுபிடிச்சு கம்பெனிக்காரன் லைனை கட் பண்றான், பெரிய பிளான் போட்டா சரியாயிடும்"னு வாட்ஸ்அப்ல சுத்துற மெசேஜை நம்பி காசை விட்றாதீங்க ப்ளீஸ், பெரும்பாலும் பிரச்சனை நம்ம வீட்டு ரவுட்டர்லதான்.

டோரண்ட்ங்கறது ஒரு ஃபைலை பல பேர் கம்ப்யூட்டர்ல இருந்து துண்டு துண்டா இறக்கி, மத்தவங்களுக்கும் அனுப்புற முறை, அது ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான கனெக்‌ஷன் திறக்கும், ஒவ்வொன்னையும் ரவுட்டர் தன் மெமரில குறிச்சு வைக்கணும், சின்ன ரவுட்டர்ல அந்த டேபிள் நிரம்பிட்டா புது சைட் எதுவும் திறக்காது, ரீஸ்டார்ட் பண்ணா டேபிள் காலியாகி உடனே சரியாகுதுல்ல, அதான் காரணம். இன்னொன்னு அப்லோடு. அது முழுசா அடைச்சுக்கிட்டா டவுன்லோடுக்கு அனுப்ப வேண்டிய 'கிடைச்சது'ங்கற பதிலே வரிசைல மாட்டிக்கும், அப்புறம் எல்லாமே படுத்துரும்.

க்யூபிட்டோரண்ட்ங்கற டோரண்ட் ஆப் செட்டிங்ஸ்ல மொத்த கனெக்‌ஷன் 500னு இருக்கும், அதை 150 ஆக்குங்க. அப்லோடை உங்க லைனோட அப்லோடு ஸ்பீடுல 80% தாண்ட விடாதீங்க. செலவே இல்ல, முதல்ல இதை செஞ்சு பாருங்க.