சும்மா கொடுத்த நிவாரணம் யார் வேலையையும் காப்பாற்றாது

நெருக்கடியில் கம்பெனிகளுக்கு அரசு நிவாரணம் கொடுப்பது பற்றிய ஒரு விவாதத்தைப் பார்த்த கோபம் இன்னும் அடங்கவில்லை. "அரசு பெரிய கம்பெனிகளைத் தாங்கிப் பிடித்தால் அவர்கள் தொழிலாளர்களைத் தாங்கிப் பிடிப்பார்கள்" என்கிறார் அதில் பேசிய ஒருவர். என்ன நிபந்தனையில், எந்தத் தேதி வரை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

2020 மார்ச்சில் அமெரிக்காவில் வந்த கொரோனா நிவாரணச் சட்டமான கேர்ஸ் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயணிகள் விமான நிறுவனங்களுக்குச் சம்பளத்துக்கென்றே 2,500 கோடி டாலர். செப்டம்பர் 30 வரை யாரையும் கட்டாயப்படுத்தி வெளியே அனுப்பக்கூடாது என்பது நிபந்தனை. அக்டோபர் 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சுமார் 19,000 பேரையும் யுனைடெட் சுமார் 13,000 பேரையும் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பின. டிசம்பரில் இன்னொரு 1,500 கோடி ஒதுக்கியதும் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆட்களைப் பிடித்து வைத்தது தேதி போட்ட நிபந்தனை. தேதி முடிந்தது, பிடியும் விட்டது.

நிபந்தனையிலும் ஓட்டை இருந்தது. ஊதிய விகிதத்தைக் குறைக்கக் கூடாது என்று எழுதினார்கள். வேலை நேரத்தைப் பற்றி எழுதவில்லை. சில நிறுவனங்கள் நேரத்தை வெட்டின. மணிக்கணக்குக் கூலி அப்படியே இருக்கும், மாதக் கடைசியில் கைக்கு வருவது குறையும். நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பங்குகளையே சந்தையில் திரும்ப வாங்க 2021 செப்டம்பர் வரை தடை போடத் தெரிந்தவர்களுக்கு, வேலைக்கு மட்டும் ஆறு மாதம் போதும் என்று தோன்றியிருக்கிறது.

நிபந்தனையே இல்லாவிட்டால்? கம்பெனிக் கடன் பத்திரங்களை வாங்குவோம் என்று அமெரிக்க மத்திய வங்கி அறிவித்தது. ஆட்களை வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. உறைந்து கிடந்த கடன் சந்தை இளகியது. போயிங் அரசிடம் நேரடியாகக் கை நீட்டாமல் சந்தையில் 2,500 கோடி டாலர் திரட்டியது. சுமார் 10 சதவீத ஆட்குறைப்பை அறிவித்ததும் அதே வாரம்தான்.

"கம்பெனியே மூழ்கினால் வேலை எங்கே இருக்கும்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நிவாரணமே வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. "செத்த வேலையை ஏன் பிடித்து வைக்க வேண்டும்?" என்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை, அந்த வேலையில் ஒரு குடும்பம் சாப்பிடுகிறது.

சரியாகச் செய்ய வழி இல்லாமலில்லை. ஜெர்மனியில் நிறுவனம் ஆளை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைத்தால், அந்த ஊதிய இழப்பில் 60 சதவீதத்தை, குழந்தை இருந்தால் 67 சதவீதத்தை, அரசு ஈடுகட்டுகிறது. வேலை ஒப்பந்தம் அறுவதில்லை. பிரிட்டனில் கொரோனா காலத்தில் ஆளுக்கு ஆள் சம்பளப் பதிவைப் பார்த்து, சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுண்டு வரை கொடுத்தார்கள். அங்கேயும் வேலையை விட்டு அனுப்ப நோட்டீஸ் கொடுத்த காலத்துக்கான சம்பளத்தையே அந்தப் பணத்தில் கொடுக்க முடிந்தது. அதை அடைத்தது 2020 டிசம்பர் 1 அன்றுதான். அதுவரை, வேலையைக் காக்க வந்த பணத்திலேயே ஆளை வெளியே அனுப்பலாம்!

எனக்கு ஆறவே ஆறாதது ஒப்பந்தத் தொழிலாளர் கதை. விமானத்தில் சாப்பாடு ஏற்றுபவர்கள், பெட்டி தூக்குபவர்கள், சுத்தம் செய்பவர்கள். இவர்களை வைத்திருந்த ஒப்பந்த நிறுவனங்களுக்கும் அமெரிக்காவின் அதே கேர்ஸ் சட்டத்தில் 300 கோடி டாலர் வரை இருந்தது. தொகையைக் கணக்கிட்டது 2019இன் சம்பளச் செலவை வைத்து. ஆட்களை அனுப்பக்கூடாது என்ற நிபந்தனை தொடங்கியதோ அரசுடன் நிவாரண ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு. இடைப்பட்ட நாட்களில் சில நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானவர்களை அனுப்பிவிட்டு, அவர்களும் சேர்ந்த பழைய கணக்கின்படி பணம் வாங்கின. நெருக்கடி தொடங்கிய நாளில் பதிவேட்டில் யார் யார் இருந்தார்களோ அந்தப் பெயர்களுக்கு மட்டும்தான் பணம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அனுப்பியவர்களைத் திரும்ப எடுக்காமல் ஒரு டாலரும் கிடையாது என்று இன்னொரு வரி.