கட்டடம் பார்த்து ரிக்கெற் போடாதீர்கள்

இந்தியா போகப்போகிறோம், எந்த எயார்போர்ட் நல்லது என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் யாராவது கேட்டால் போதும், ஒருவர் பெங்களூர் இரண்டாம் முனையத்தின் மூங்கில் கூரையைப் படமெடுத்து அனுப்புவார், இன்னொருவர் டெல்லியில் சுவரில் பதித்திருக்கிற அந்தப் பெரிய கை முத்திரைகளுக்குக் கீழே தான் நின்ற படத்தைப் போடுவார். வடிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் அங்கே குடியிருக்கப் போவதில்லையே. வீட்டுப் படலையில் வெளிக்கிட்டுப் போக வேண்டிய வாசலில் இறங்கும் மட்டும் எத்தனை மணித்தியாலம், எவ்வளவு கரைச்சல், நான் பார்ப்பது அது மட்டும்தான்.

கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா என்றால் இரவே ஹையேஸ் வான் பிடிக்க வேண்டும், வழியனுப்ப என்று பாதி ஒழுங்கையும் ஏறும், ஆறேழு மணித்தியாலம் தெற்கே ஓடிப்போய், ஒன்றரை மணித்தியாலம்கூடப் பறக்காத விமானத்தில் ஏறித் திரும்ப வடக்கே வருகிறோம். யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்து, கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் சென்னைக்கு மறுபடி ஓடத் தொடங்கியது. கிளிநொச்சியிலிருந்து இரண்டு மணித்தியாலம் போதும். இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் ஆக்கள் பாதிப்பேர் கட்டுநாயக்காவுக்குத்தான் வான் பேசுகிறார்கள். கேட்டால், பலாலி விமானம் சின்னன், காற்றாடி வைத்தது, பயம் என்பார்கள். அது ஏடிஆர் என்கிற வகை, எழுபது சொச்சம் பேர் போவது, இந்தியாவின் சின்ன ஊர்களுக்கெல்லாம் தினமும் ஓடுவது அதுதான்.

2025 மார்ச் கடைசியில் பலாலியிலிருந்து திருச்சிக்கும் விமானம் தொடங்கியதே, வன்னிக்கு அதைவிடத் தோதானது வேறில்லை என்பேன். 80, 90களில் போன எங்கள் சனம் அங்கே எவ்வளவு இருக்கிறது! 2024 ஜனவரியில் திறந்த புது முனையம் கோபுரச் சாயலில் பெரிதாக நிற்கிறது, ஆனாலும் ஊருக்குள்ளேயே புதுக்கோட்டை வீதியில் இருப்பதால் வெளியே வந்து ஓட்டோ பிடித்தால் வீடுதான். போனமுறை எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ஒடியல் மா, பனங்கட்டிக் குட்டான், பழஞ்சேலையில் சுற்றிய ஏதோ ஒரு போத்தல். அதிகாரி குட்டானை எடுத்து மணந்து பார்த்துவிட்டு யாருக்கு என்றார். "பேத்திக்குத் தம்பி" என்றதும் பையை மூடச் சொல்லிவிட்டார். இதையே டெல்லியில் ஹிந்திக்காரருக்கு விளங்கப்படுத்துவதை நினைத்துப் பாருங்கள்.

சென்னையைத் திட்டுகிற ஆக்கள் கனபேர். நெரிசல், வரிசை, எல்லாம் உண்மை. ஆனால் வேலூருக்கு மருந்து எடுக்கப் போகிறவர்களுக்கு நான் சென்னையைத்தான் சொல்வேன். வளாகத்துக்குள்ளேயே மெட்ரோ, நேரே சென்ட்ரல், அங்கிருந்து வேலூருக்குப் பக்கத்துக் காட்பாடிக்கு ரயில். மெட்ரோவும் வேண்டாம் என்றால் ஜி.எஸ்.டி. வீதியைக் கடந்தால் திரிசூலம் மின்சார ரயில் நிலையம். நோயாளியை வைத்துக்கொண்டு வாசலில் டாக்சிக்காரரோடு பேரம்பேசி நிற்கத் தேவையில்லை.

பெங்களூர் நகரத்துக்கு வெகு தூரம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அது தேவனஹள்ளியில், நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. புட்டபர்த்தி போகிற சாயி பக்தர்களுக்கு அது வழியிலேயே வருகிறது, நகர நெரிசலுக்குள் போகவே வேண்டாம். மும்பையில் இரண்டு ஓடுபாதையும் குறுக்கே வெட்டுவதால் இரண்டையும் ஒரே நேரத்தில் பாவிக்க முடியாது, மேலே சுற்றிக்கொண்டிருக்க நேரிடும். டெல்லியில் ஒன்றாம் முனையம் மற்றதுகளிலிருந்து கிலோமீற்றர் கணக்கில் தள்ளி, மார்கழி, தையில் பனிமூட்டம் வேறு. காசி போகிறவர்கள் அந்த மாதங்களில் அடுத்த விமானத்துக்கு நிறைய நேரம் விட்டு ரிக்கெற் போடுங்கள்.

எனக்குப் பொறாமையாக இருப்பது கொச்சி. 1999இல் திறந்தது, வெளிநாட்டு மலையாளிகள் ஆயிரக்கணக்கில் பங்குப் பணம் போட்டு எழுப்பியது. 2015இலிருந்து முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. எங்களுக்கும் கனடா, லண்டன், சுவிஸிலிருந்து காசு வருகிறதுதான், ராஜகோபுரத்துக்கும் தேருக்கும். கோயிலைக் குறை சொல்லவில்லை. அங்கே மாநில அரசு முன்னுக்கு நின்றது, இங்கே 2018இல் காலம் முடிந்த மாகாண சபைக்கே தேர்தல் இழுபடுகிறது, யாரை நம்பிப் போடுவது?

கட்டடம் மட்டும் இருந்தால் காணும் என்பவர்களுக்கு அம்பாந்தோட்டைப் பக்கம் விமானம் வராமல் கிடக்கிற மத்தளை நிலையத்தைக் காட்டலாம், 2013இல் திறந்தது. இந்தியாவிலும் உண்டு: உத்தரப் பிரதேசத்தில் குஷிநகர், 2021 ஒக்டோபரில் கொழும்பிலிருந்து பிக்குமாரை ஏற்றிப்போன விமானம்தான் அங்கே முதலில் இறங்கியது. அந்த ஆரவாரம் அத்தோடு அடங்கியது. இந்திய அரசின் உடான் திட்டத்தில் 2017இலிருந்து சின்ன ஊர்களுக்கு மலிவாக விட்ட சேவைகளிலும் பல, மானியம் முடிந்ததும் நின்றுபோயின. பலாலியும் ஆளில்லாமல் போனால் அதே கதிதான், அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன்.

மன்னார்க்காரருக்கு இன்னும் கோபம் வர வேண்டும். 1964 புயல் தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போன பிறகும், 80கள் மட்டும், தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் ரயில் பிடித்து மதுரை போனார்கள். இப்போது அதே மதுரைக்குக் கட்டுநாயக்கா சுற்றித்தான் விமானம். பலாலியிலிருந்து மதுரைக்கு வாரத்தில் இரண்டு நாள் விட்டாலும் நிரம்பும் என்பது என் எண்ணம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள். சின்ன விமானத்தில் சாமான் நிறை கட்டுப்பாடு இறுக்கம், கலியாணச் சேலை எடுக்கப் போகிறவர்கள் திரும்பி வரும்போது கூடுதல் நிறைக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஈ-விசாக்காரர்கள் இறங்கப்போகிற நிலையம் ஈ-விசா செல்லுகிற நிலையங்களின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா நிலையத்திலும் அது செல்லாது.