பெயர் ஓடும்போதே கதவைத் திறக்கிறார்கள்

கொழும்பில் நான் வழமையாகப் படம் பார்க்கும் திரையரங்கில், கதாநாயகனின் கடைசி வசனம் முடிந்த மறுகணமே விளக்குகள் பளிச்சென்று எரிந்து, பக்கக் கதவுகள் திறந்து, காலி வீதியின் பேருந்து இரைச்சல் உள்ளே வந்துவிடும்; உழைத்தவர்களின் பெயர்கள் திரையில் ஏறத் தொடங்கும்போது, தும்புத்தடியோடு ஒருவர் என் வரிசைக்கே வந்து நின்று, "ஐயா, படம் முடிஞ்சுது" என்பார். அது எனக்கும் தெரியும்.

தெலுங்கிலிருந்து வரும் படங்களில்தான் இந்த அவசரம் கூடுதலாக எரிச்சலூட்டுகிறது. நாயகனுக்கும் வில்லனுக்கும் தமிழில் குரல் கொடுத்தவர் யார் என்பது, திரையில் வருமென்றால், அநேகமாக அந்தக் கடைசி நிமிடங்களில்தான் வரும். 2015இல் வெளிவந்த 'பாகுபலி'க்குத் தமிழ் வசனம் எழுதியவர் மதன் கார்க்கி என்பதோ, அதற்கு இசையமைத்த கீரவாணிதான் 1991இல் 'அழகன்' படத்துக்கு மரகதமணி என்ற பெயரில் இசையமைத்தவர் என்பதோ எத்தனை பேருக்குத் தெரியும்? 2023இல் அவருக்கு ஒஸ்கார் கிடைத்தபோது கொண்டாடிய அதே சனம், பெயர்கள் ஓடும்போது வாகனத் தரிப்பிடத்தை நோக்கி முண்டியடிக்கிறது.

அடுத்த காட்சிக்கு முன் அரங்கைத் துப்புரவாக்க வேண்டும் என்ற நியாயம் விளங்குகிறது. ஆனால் இடைவேளையில் சோளப்பொரி விற்றுத் தீரும்வரை படத்தை நிறுத்திவைக்க மட்டும் தாராளமாக நேரம் இருக்கிறதே! போதாக்குறைக்கு, பெயர்ப்பட்டியலை நடுவில் வெட்டிவிட்டு, அடுத்த காட்சிக்கான நகைக்கடை விளம்பரத்தை ஓடவிட்டுச் சரிபார்க்கிறார்கள். இதை என்னவென்று சொல்வது?