சென்னை கொச்சிக்குக் கீழ் இல்லை

இந்தியக் கடற்படை பற்றிய கட்டுரையில், சென்னைக் கடற்படைப் பிரிவு 'தெற்குக் கட்டளைக்கு (கடற்படையின் வட்டாரத் தலைமைப் பிரிவு) உட்பட்டது' என்று இருக்கிறது. தவறு, திருத்துங்கள். கொச்சியிலுள்ள தெற்குக் கட்டளைக்கு முதன்மைப் பணி பயிற்சி. சென்னையும் அரக்கோணம் ராஜாளி, உச்சிப்புளி பருந்து விமானதளங்களும் விசாகப்பட்டினத்தின் கிழக்குக் கட்டளையில் வருகின்றன. பெயரிலுள்ள திசையைப் பார்த்துப் பலரும் இப்படித் தடுமாறுகிறார்கள்.

இன்னொன்று: கிழக்குக் கட்டளையின் தலைவர் வைஸ் அட்மிரல் தரத்தவர். கடலில் கப்பல்களை நடத்துபவர் அவருக்குக் கீழுள்ள கிழக்குக் கப்பல் தொகுதியின் (Eastern Fleet) தளபதி; அவர் ஒரு படி கீழான ரியர் அட்மிரல் தரத்தவர். கப்பல் பழுதுபார்ப்புக்குப் போனால் பொறுப்பு பழுதுபார்ப்புத் தளத்தின் (dockyard) தலைவரான அட்மிரல் சூப்பரின்டெண்டெண்டிடம். அவரும் அதே கட்டளைத் தலைவருக்கே பதில் சொல்கிறார். இந்தப் பதவிகளை ஒன்றாக எழுதியதால்தான் கட்டுரையிலுள்ள நிர்வாக அமைப்பு வரைபடம் குழம்பிவிட்டது. அந்தமான் கட்டளை தனி: 2001 முதல் முப்படைகளுக்கும் பொது.