40 மணி நேரத்தில் தெரபிஸ்ட்டா?

"40 மணி நேர ஆன்லைன் வகுப்பு போதும், அமெரிக்க ஆர்பிடி (RBT, பதிவு பெற்ற நடத்தைப் பயிற்சிப் பணியாளர்) சான்றிதழ் வரும், ஆட்டிசம் குழந்தைகளுக்குச் சொந்தமாக சென்டர் திறக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. தப்பு.

அந்த 40 மணி நேரம் நிஜம்தான், ஆனால் அது வாசற்படி. அப்புறம் திறன் சோதனை, தேர்வு, இரண்டையும் தாண்டினாலும் மேற்பார்வையாளருக்குக் கீழேதான் வேலை. குழந்தை சாப்பாட்டுத் தட்டை வீசினால் அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று குறித்து வைப்பது நீங்கள், திட்டம் போடுவது அவர். அதுவும் 2023 முதல் இந்தியாவில் இருப்பவர்களின் விண்ணப்பத்தை இந்தச் சான்றிதழைத் தரும் அமெரிக்க வாரியம் வாங்குவதே இல்லை (விளம்பரத்தில் இதைப் போடுவார்களா என்ன!).

சரி, இங்கே சிறப்புக் கல்வி வழியாக வர நினைத்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்திலேயே அப்படிப்பட்ட படிப்புகள் இருக்கின்றன.