பானி என்றால் தண்ணீர் இல்லை

எங்கள் நகராட்சி அலுவலகப் பணி நிறைவு விழாவில் எடுத்த அந்த வீடியோவை இதுவரை ஒன்பது பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். போதும். மேடையில் நின்றது நான்தான். கீழே சிரித்தது யார் யார் என்பதும் எனக்குத் தெரியும். "விட்டுவிடுங்கள் அக்கா, விளையாட்டுக்குத்தானே" என்று தனியாக எழுதிச் சமாதானம் சொன்னவர்களுக்கு நன்றி. மூன்று நாள் விட்டுப் பார்த்தேன். விட முடியவில்லை.

எங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணனுக்கு நடந்த விழா அது. பேச ஆளுக்கு நான்கு நிமிடம் கொடுத்தார்கள். அன்னார் பண்பாளர், பழக இனியவர், கோபமே வராதவர் என்று எனக்கு முன்னால் பேசிய ஏழு பேரும் ஒரே அச்சில் வார்த்தெடுத்துவிட்டார்கள். நாமாவது வேறு ஒன்று சொல்வோம் என்று நினைத்தேன். அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஒன்றில் பானி என்று ஒரு கற்பனை ஊர் வருகிறது, அந்த ஊர் நகராட்சியில் லெஸ்லி என்று ஒருத்தி வேலை பார்க்கிறாள், நம் அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம் வரும் என்றேன். அவ்வளவுதான். அடுத்து மைக்கைப் பிடித்தவர், "பானி என்றால் இந்தியில் தண்ணீர். மேடம் கற்பனை ஊரில் வேலை பார்க்கிறார்கள் போலிருக்கிறது. முதலில் நம் ஊர்க் குழாயில் பானி வர வழி பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். கொல்லென்று சிரிப்பு. லட்டும் மிக்சரும் கொடுத்துக்கொண்டு வந்த பையன்கூடத் தட்டோடு நின்று சிரித்தான். நானும் சிரித்தேன். வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள், கடைசியாகச் சிரிப்பை நிறுத்துவது நான்தான்.

பெயர் கேட்டவர்களுக்காக: பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன். என்பிசி தொலைக்காட்சியில் 2009 ஏப்ரலில் தொடங்கி 2015 பிப்ரவரியில் முடிந்தது. 7 சீசன். இந்தியானா மாநிலத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் பானியின் பூங்காத் துறையில் துணை இயக்குநர் லெஸ்லி நோப். நடித்தவர் ஏமி போலர். அரசாங்கம் என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்று நம்புகிற ரான் ஸ்வான்சன்தான் அந்தத் துறைக்கு இயக்குநர். இந்த ஒரு வரியைப் படித்து உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் நீங்கள் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். வேலையைக் கிண்டல் செய்யுங்கள், கோப்பைக் கிண்டல் செய்யுங்கள், முத்திரை, மேசை, நாற்காலி எதை வேண்டுமானாலும் செய்யுங்கள். வேலை செய்கிறவளை ஏன் கிண்டல் செய்கிறீர்கள்? அந்தத் தொடருக்கே இது முதலில் புரியவில்லை. முதல் சீசன் மொத்தம் 6 அத்தியாயம். அதில் லெஸ்லி வாயைத் திறந்தாலே கூட இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவள் ஆர்வம்தான் அங்கே வேடிக்கை. பார்க்கவே சங்கடமாக இருக்கும். இரண்டாவது சீசனில் ஒரு மாற்றம் வருகிறது. அவள் அப்படியேதான் இருக்கிறாள், அதே ஆர்வம், அதே ஓயாத பேச்சு. சுற்றியிருப்பவர்கள்தான் மாறுகிறார்கள். இவளுக்கு வேலை தெரியும், இவள் நமக்காகவும் சேர்த்துத்தான் ஓடுகிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்துபோகிறது. அதன் பிறகுதான் தொடர் தொடராகிறது. நம் அலுவலகம் இன்னும் முதல் சீசனிலேயே நிற்கிறது.

எனக்கு இந்தத் தொடர் எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் நான் பிறப்பு இறப்புப் பதிவில் இருந்தேன். பிறப்புக்கு ஒரு மேசை, இறப்புக்கு ஒரு மேசை. அந்த மாதம் இரண்டு மேசைக்கும் ஒரே வேலைதான் இருந்தது. அப்பாவின் சான்றிதழுக்கு வந்துபோன ஒருவர் அதே வாரத்தில் அம்மாவின் சான்றிதழுக்கு வந்து நின்றார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அழவில்லை. ஜன்னல் கம்பிக்குள் விரலை நீட்டி, "அம்மா பெயரில் பெரிய ள போடுங்கள் மேடம். போன தடவை அப்பா பெயரில் ஓர் எழுத்தைத் திருத்த இரண்டு நாள் அலைந்தேன்" என்றார். வள்ளியம்மாளில் கடைசி எழுத்து. போட்டுக் காட்டினேன். சரி என்று தலையசைத்துவிட்டுப் போனார். அன்று வீட்டுக்கு வந்து, கொல்லையில் குளித்துவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் மகள் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தாள். "பாருங்கள் அம்மா, உங்கள் ஆபீஸ்தான் இது" என்றாள்.

முதலில் பிடிக்கவில்லை. வேகமாகப் பேசினார்கள், அடியில் ஓடும் எழுத்தைப் படிப்பதற்குள் போய்விட்டது. பிறகு ஒரு நாள் அந்த மார்ச் 31 அத்தியாயம் வந்தது. ரானுக்கு உதவியாளராக ஏப்ரல் என்று ஒரு பெண் இருக்கிறாள். அவரைப் பார்க்க யார் வந்தாலும் துரத்திவிடுவதுதான் அவள் திறமை, அதற்காகத்தான் அவருக்கு அவளைப் பிடிக்கும். யார் நேரம் கேட்டாலும் "மார்ச் 31 அன்று வாருங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறாள். அப்படி ஒரு தேதியே கிடையாது என்பது அவள் நினைப்பு. தேதி வருகிறது, ஒரே நாளில் 94 சந்திப்பு. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து கணவர் எழுந்து வந்துவிட்டார். நகராட்சியில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தத் தேதியின் அருமை தெரியும். எங்களுக்கு வருடத்தில் இருக்கிற ஒரே தேதி அதுதான். வரி வசூல் இலக்கு, ஒப்பந்தக்காரர் பட்டியல், நிதி திரும்பிப் போய்விடுமே என்று ராத்திரி பதினொரு மணிக்குப் போடும் கையெழுத்து எல்லாம் அன்றைக்குத்தான். அந்தத் தேதியே இல்லை என்று நம்பும் ஒரு பெண்! அந்த மே மாதத்தில் நான் சிரித்தது அன்றுதான். இதைக் கற்பனை ஊர் என்கிறார்கள்.

சரி, இனி கேள்விகளுக்கு வருகிறேன். கேட்கப்போகிறீர்கள், அதனால் நானே கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்க ஊரும் நம் ஊரும் ஒன்றா? இல்லை, அங்கே கழிவறையில் தண்ணீர் வருகிறது. மற்றபடி ஒன்றுதான். பானியில் பொதுக்கூட்டம் நடக்கும்போது ஒருவர் எழுந்து, உங்கள் பூங்காவில் ஒரு சாண்ட்விச் கண்டெடுத்தேன், அதில் ஏன் மயோனைஸ் இல்லை என்று கேட்பார். நம் குறைதீர் கூட்டத்தில் எதிர்வீட்டு நாய் தன் வீட்டுக் குப்பையை மட்டும் குறிவைத்துக் கிளறுகிறது, நகராட்சி கண்டிக்க வேண்டும் என்று ஒருவர் மனு கொடுத்தார். அதற்கு வரிசை எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றியவள் நான்.

மைக்கைப் பிடித்தவர் தண்ணீரைப் பற்றிப் பேசினாரே, அதற்கும் அங்கே அத்தியாயம் இருக்கிறது. பல் கெடாமலிருக்கக் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கலாம் என்கிறாள் லெஸ்லி. பல் மருத்துவராகவும் இருக்கிற ஒரு கவுன்சிலர் எதிர்க்கிறார். பல் கெட்டால்தானே அவருக்குப் பிழைப்பு! கடைசியில் ஃபுளோரைடுக்கு மினுமினுப்பாக வேறு பெயர் வைத்துத்தான் ஊர் வாயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம்.

அப்புறம் லஞ்சம். லஞ்சத்தைக் காட்டாத நகராட்சித் தொடர் என்ன தொடர் என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. நம் ஊரில் நடக்கிறது போல அங்கே சதுர அடிக்கு இவ்வளவு என்ற கணக்கு வருவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 26 வருடத்தில் நான் யாரிடமும் கை நீட்டியதில்லை என்று சொன்னால் "உங்களை யார் கேட்டார்கள்" என்பீர்கள். சொல்லாவிட்டால் "எல்லோரும் அப்படித்தானே" என்பீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருத்தி வேலை பார்க்கிறாள் என்று காட்ட ஒரு தொடராவது இருந்துவிட்டுப் போகட்டுமே. மேலும், அந்தக் கேள்வியை எந்த மேடையில் யார் எழுப்பினாலும் எனக்குச் சம்மதம், சில பேரைத் தவிர. எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பது தபால் பிரிவில் ஆறு வருடம் இருந்தவளுக்குத் தெரியாதா?

பின்னணியில் சிரிப்புச் சத்தமே போடாத நகைச்சுவைத் தொடரா என்று கேட்டவருக்குப் பதில் இல்லை.

ஒரு பள்ளத்தில்தான் அந்தக் கதையே தொடங்குகிறது. ஆன் என்ற நர்ஸ் கூட்டத்துக்கு வந்து, என் வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய பள்ளம், அதில் என் காதலன் விழுந்து இரண்டு காலும் முறிந்துவிட்டது என்கிறாள். அங்கே பூங்கா அமைத்துத் தருகிறேன் என்று எழுந்து நின்று வாக்குக் கொடுக்கிறாள் லெஸ்லி. பள்ளம் மூடப்படவே இரண்டாவது சீசன் ஆகிறது. பூங்காவுக்கு இன்னும் எத்தனையோ. நகைச்சுவைத் தொடரில்கூட அவ்வளவு காலம்! மனைப்பிரிவு போட்டால் பூங்காவுக்கென்று 10 சதவீதம் விட வேண்டும் என்பது நம் ஊர் விதி. அப்படி விட்ட ஓர் இடம் எங்கள் வார்டில் கட்டட இடிபாடு கொட்டும் மேடாகக் கிடந்ததும், அதற்கு நானும் ஓய்வு பெற்ற அந்த அண்ணனும் எத்தனை குறிப்பு எழுதினோம் என்பதும் யாருக்குத் தெரியும்? 14 தடவை. ஒவ்வொரு தடவையும் "பார்வையிட்டேன், பேசவும்" என்று எழுதித் திரும்பி வரும். யாரிடம் பேசுவது? கடைசியில் அண்ணன் வேலி போட வைத்தார். ஊஞ்சல் இரண்டு வந்தது, சறுக்குமரம் ஒன்று வந்தது. திறப்பு விழாக் கல்வெட்டில் 11 பெயர் இருக்கிறது, அண்ணன் பெயர் இல்லை. இதைத்தான் அந்த மேடையில் சொல்ல நினைத்தேன். லெஸ்லியில் தொடங்கி இங்கே வந்து நிற்கலாம் என்று வீட்டில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். நான்கு நிமிடத்தில் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. மைக்கை வாங்கிவிட்டார்கள்.

பானி மக்கள் மட்டும் என்ன உத்தமர்களா? லெஸ்லியைக் கவுன்சிலராக்குகிறார்கள், பிறகு அவர்களே திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு நடத்தி இறக்கியும் விடுகிறார்கள். அந்த அத்தியாயத்தை மகள் இல்லாதபோதுதான் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஆட்களெல்லாம் அந்தத் தொடருக்கு வந்துபோயிருக்கிறார்கள். அன்றைக்குத் துணை அதிபராக இருந்த ஜோ பைடன் அவராகவே ஒரு காட்சியில் வருகிறார். நம் விழாவுக்கு ஆணையரே வரவில்லை.

ஜெர்ரி பற்றிக் கேட்பீர்கள். தொடரைப் பார்த்தவர்கள் கட்டாயம் கேட்பீர்கள். வேலை செய்கிறவரைக் கிண்டல் செய்யாத தொடர் என்றீர்களே, ஜெர்ரியை அவர்கள் படுத்தும் பாடு என்ன என்று. உண்மைதான். ஓய்வுக்குக் காத்திருக்கிற மனிதர். பேசினால் உளறுவார், குனிந்தால் பேண்ட் கிழியும். அவர் பெயரே ஜெர்ரி இல்லை, கேரி. யாரோ தப்பாகக் கூப்பிட்டார்கள், திருத்த மனம் வராமல் இருந்துவிட்டார். பிறகு லாரி, டெர்ரி என்று அவர்கள் இஷ்டத்துக்குப் பெயர் மாற்றுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், லெஸ்லியும் சிரிப்பாள். நானும் ஏழு சீசனும் சிரித்தேன். கடைசியில் அவரை மேயராக்கினார்களே என்று வாதாடலாம். நானே பல பேரிடம் அப்படி வாதாடியிருக்கிறேன்.

அந்த வீடியோவை நேற்று மறுபடி பார்த்தபோதுதான் ஒன்று கவனித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையில் யாரோ "பானி மேடம்" என்கிறார். இன்று காலை தபால் கொண்டுவந்த பெண் வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு இன்னும் நான்கு வருடம் சர்வீஸ் இருக்கிறது.

ராத்திரி அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். விழாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சறுக்குமரத்தின் அடித்தகடு பிய்ந்திருக்கிறது, பிள்ளைகள் காலைக் கிழித்துவிடும், காலையில் பொறியியல் பிரிவில் சொல்லிவிடு என்றார். பிறகு, "அந்தத் தொடர் பெயர் என்னம்மா? பேத்தியிடம் போட்டுத் தரச் சொல்கிறேன்" என்றார். சொன்னேன். முதல் சீசனை மட்டும் விட்டுவிடுங்கள் அண்ணே, இரண்டாவதிலிருந்து பாருங்கள் என்றும் சொன்னேன்.

"எத்தனை அத்தியாயம் அது?"

"ஆறு."

"ஆறுதானே, பார்த்துவிடுகிறேன்" என்றார்.